இரண்டும் நமதாகுமா?

களவு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது, நள்ளிரவில் மதிலேறிக் குதிக்கும் கள்வனின் உருவமே. பூட்டை உடைத்தவனும், பையைப் பறித்தவனும், கணக்கைத் திருத்தியவனுமே ஏழாம் கட்டளையை மீறியவர்கள் என்று எண்ணி, அக்கட்டளையை நாம் எளிதில் கடந்து சென்றுவிடுகிறோம். ஆனால் பட்டப்பகலில் வாயிற்படியேறி வந்து, நம்மிடம் கையொப்பமும் பெற்றுக்கொண்டு, நம் இல்லத்திலேயே இறக்கி வைக்கப்படும் பிறர் பொருளும் உண்டு. நாம் அதைத் தேடிச் செல்லவில்லை, கைநீட்டி எடுக்கவுமில்லை. அதை நமதாக்கிக்கொள்ள நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வாய் திறவாமல் இருத்தல். இந்த மௌனம் குற்றமா, இல்லையா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

இன்று எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒரு வீட்டார் 6,000 ரூபாய் செலுத்தி ஒரு மிக்ஸியை வெளியூரிலிருந்து வரவழைக்கின்றனர். குறித்த நாளில் பார்சல் வரவில்லை. ஒரு வாரம் கடக்கிறது. இரண்டு வாரம் கடக்கிறது. பலமுறை தொலைபேசியில் முறையிட்ட பின்னர், பொருள் வழியில் தொலைந்துவிட்டதாக முடிவு செய்யப்படுகிறது. பார்சல் காப்பீடு செய்யப்பட்டிருந்ததால், அதே போன்ற வேறொரு மிக்ஸி வந்து சேருகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். அதன்பின் 20 நாட்கள் கழித்து, பின்கோடு எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்ததால் எங்கெங்கோ அலைந்து திரிந்த முதல் பார்சலும் வாசலில் வந்து நிற்கிறது!

இப்பொழுது வீட்டில் இரண்டு மிக்ஸிகள். செலுத்திய விலையோ ஒன்றுக்குத்தான். “மூத்தவளுக்குச் சீர் வரிசையில் வைத்துக்கொள்ளலாம்” என்கிறார் தாய். “யார் கேட்கப் போகிறார்கள்?” என்கிறார் தந்தை. உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் மகன் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். இது கற்பனைக் குடும்பமே. ஆயினும் இவ்வுரையாடல் நம் செவிகளுக்குப் புதியதன்று.

இழப்பீடு எதற்காக?

காப்பீடு என்பது பலர் சேர்ந்து வைக்கும் பொதுப்பணம். பலரும் சிறு சிறு தொகையாகப் பிரிமியம் செலுத்துகின்றனர். யாருக்கு இழப்பு நேருகிறதோ அவருக்கு அப்பொதுப்பணத்திலிருந்து ஈடு செய்யப்படுகிறது. ஆகவே பொருட்காப்பீட்டின் நோக்கம் இழந்தவரை இழப்புக்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவதே. அந்நிலைக்கு மேலாக அவரை உயர்த்துவது அன்று. இழப்பு என்னும் காரணம் இருக்கும்வரைதான் ஈடு என்னும் உரிமை நிற்கும். தொலைந்தது கிடைத்துவிட்டால் காரணம் மறைகிறது. காரணம் மறைந்தபின் உரிமை மட்டும் எவ்வாறு எஞ்சியிருக்கும்?

இக்கொள்கையைத் தெளிவாக்கிய பழைய வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் ஒருவர் தம் கட்டடத்தை 3,100 பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்திருந்தார். விற்பனை முடிவுறும் முன்னரே அக்கட்டடத்தில் தீப்பற்றிச் சேதம் விளைந்தது. காப்பீட்டு நிறுவனம் 330 பவுன் இழப்பீடாக வழங்கியது. பின்னர், வாங்க ஒப்புக்கொண்டவர் பேசிய விலையைக் குறைவின்றிச் செலுத்திவிட்டார். விற்றவருக்கு முழு விலையும் கிடைத்தது. இழப்பீடும் கைவசம் இருந்தது. செய்தியறிந்த காப்பீட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1883-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இது: இழப்பு எதுவும் எஞ்சாத இடத்தில் இழப்பீட்டை வைத்துக்கொள்ள இயலாது, 330 பவுனும் திருப்பித் தரப்பட வேண்டும். காஸ்டெலெய்ன் எதிர் பிரெஸ்டன் என்னும் இவ்வழக்கு, காப்பீட்டுச் சட்டம் பயிலும் மாணவர்களுக்கு இன்றும் பாடமாக உள்ளது.

அஞ்சல் துறையின் உலக ஒழுங்கும் இதையே கூறுகிறது. 1874-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. தொலைந்ததாகக் கருதி இழப்பீடு வழங்கப்பட்ட ஒரு பார்சல் பின்னர் கண்டெடுக்கப்பட்டால் என்ன செய்வது என்று அதன் உடன்படிக்கை வரையறுத்துள்ளது. இழப்பீட்டைத் திருப்பிச் செலுத்தினால் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம் என்று உரியவருக்கு அறிவிக்கப்படுகிறது. இதற்கென 3 மாதங்கள் தவணையும் தரப்படுகிறது. பொருள் வேண்டாமெனில், அது இழப்பீட்டுச் சுமையைத் தாங்கிய அஞ்சல் நிருவாகத்திற்குச் சொந்தமாகிவிடும். எத்துணை நேர்மையான ஏற்பாடு! பொருளா, பணமா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்குத் தரப்படுகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளும் உரிமை தரப்படவில்லை. களவுபோன வாகனத்திற்கு முழு இழப்பீடு பெற்றவர், காவல் துறையினர் பின்னர் அதை மீட்டுவிட்டால், வாகனத்தையும் தமதென்று கோர இயலாததும் இக்காரணத்தாலேயே.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில், தவறுதலாகப் பணம் செலுத்தப்பட்டவரும் தவறுதலாகப் பொருள் ஒப்படைக்கப்பட்டவரும் அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்கிறது. முதல் பார்சல் தொலைந்துவிட்டது என்னும் தவறான எண்ணத்தினால் அன்றோ இரண்டாவது பார்சல் நம் வீட்டிற்கு வந்தது?

திருநூலும் திருச்சபையும்

சட்டத்திற்கு அஞ்சி நடப்பவன் குடிமகன். மனச்சான்றுக்குச் செவிசாய்த்து நடப்பவனே கிறிஸ்தவன். ஆகவே திருநூல் என்ன கூறுகிறது என்று காண்போம்.

வழிதவறி வந்த மாட்டையோ ஆட்டையோ கண்டால், காணாததுபோல் இராமல் உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் பணிக்கிறது. உரியவர் அருகில் இல்லையென்றாலோ, இன்னாரென்று தெரியவில்லையென்றாலோ, அவர் தேடி வரும்வரை அதை வீட்டில் வைத்துக் காக்க வேண்டும். காத்துத் திருப்பித் தர வேண்டும். லேவியர் நூலின் 6-ஆம் அதிகாரமோ, பிறர் இழந்த பொருளைக் கண்டெடுத்தும் இல்லையென்று மறுப்பவரைக் கொள்ளையடித்தவரோடும் ஏமாற்றியவரோடும் ஒரே வரிசையில் வைக்கிறது. அத்தகையவர் பொருளைத் திருப்பித் தருவதோடு, அதன் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டித் தர வேண்டும்.

இவ்வகையில் நம் உள்ளத்தைத் தொடும் நிகழ்ச்சி ஒன்றைப் புனித அகுஸ்தீனார் தம் மறையுரை ஒன்றில் எடுத்துரைக்கிறார். அவர் மிலான் நகரில் இருந்த காலத்தில் நடந்தது அது. இலக்கண ஆசிரியர் ஒருவரின் பள்ளியில் வாயிற்காவல் செய்துவந்த பரம ஏழை ஒருவர், ஏறத்தாழ 200 பொற்காசுகள் அடங்கிய பையைக் கண்டெடுத்தார். உரியவர் யாரென்று அறியாததால், அறிவிப்பு எழுதி மக்கள் காணும்படி வைத்தார். பணத்தைத் தொலைத்தவர் ஓடிவந்து, பையின் தன்மை, முத்திரை, காசுகளின் எண்ணிக்கை ஆகிய அடையாளங்களைச் சரியாகச் சொல்லவே, பையை அவரிடம் ஒப்படைத்தார். மகிழ்ச்சியில் திளைத்த அவர் 20 காசுகளைக் கொடுத்தார்; ஏழை மறுத்துவிட்டார். பத்தாவது கொள்ளும் என்றார்; மறுத்தார். ஐந்தாவது கொள்ளும் என்றார், அதையும் மறுத்தார். செல்வருக்குச் சினம் பொங்கியது. நீர் ஒன்றும் வாங்கமாட்டீர் எனில் நானும் ஒன்றும் தொலைக்கவில்லை என்று கூறிப் பையையே கீழே எறிந்துவிட்டார். வேறு வழியின்றி அவ்வேழை கொடுத்ததைப் பெற்றுக்கொண்டார். பெற்றதை அக்கணமே ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். தம் வீட்டிற்கு ஒரு காசும் எடுத்துச் செல்லவில்லை.

“நாம் ஒரு குற்றமும் செய்யவில்லையே! பொருள் தானாகத்தானே வந்தது?” என்போருக்குப் புனித தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டிலேயே விடை பகர்ந்துள்ளார். திருப்பிக் கொடுக்கும் கடமைக்கு வேர்கள் இரண்டு என்கிறார் அவர். ஒன்று, எடுத்த செயல். மற்றொன்று, கையிலிருக்கும் பொருள். எடுத்த செயலில் குற்றமே இல்லாதிருக்கலாம். ஆயினும் பிறருக்குரிய பொருள் நம் கையில் இருக்கும்வரை, அப்பொருளின் பொருட்டே அதைத் திருப்பும் கடமை நம்மைப் பற்றி நிற்கிறது. நமக்குரியதற்கு மேல் நம்மிடம் இருப்பது, குறைவுபட்டவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். அப்பொழுதுதான் நீதியின் தராசு நேராகும்.

1992-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், இரவலாகப் பெற்றதையும் பிறர் தொலைத்ததையும் வேண்டுமென்றே தன்னிடம் நிறுத்திக்கொள்வதை ஏழாம் கட்டளைக்கு எதிரான செயல்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது.

நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள்

மனித மனம் தனக்கு வேண்டியதற்கு நியாயம் தேடுவதில் வல்லது. நாம் அடிக்கடி கேட்கும் சமாதானங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

“அது பெரிய நிறுவனம், அதற்கு இது கடலில் கரைத்த பெருங்காயம்” என்பர் சிலர். உரியவர் செல்வர் என்பதால் பொருள் நமதாகிவிடுமா? மிலான் நகரத்து ஏழையும் அவ்வாறு எண்ணியிருக்கலாமே! மேலும், காப்பீட்டு நிறுவனத்தின் பணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. நம்மைப் போன்ற பல்லாயிரம் குடும்பங்கள் செலுத்திய பிரிமியமே அது. பொதுக் கிணற்றில் ஒருவர் மிகுதியாக இறைத்தால், கடைசியில் வருபவரின் குடம் அல்லவா நிரம்பாமற் போகும்?

“ஆண்டுதோறும் பிரிமியம் கட்டியிருக்கிறோம், ஒன்றாவது திரும்பி வரட்டுமே” என்பர் வேறு சிலர். பிரிமியம் என்பது பாதுகாப்புக்குத் தரும் விலை. அப்பாதுகாப்பை நாம் முழுவதும் அனுபவித்துவிட்டோம். கள்வன் வராத இரவுக்குக் காவலாளியிடம் கூலியைத் திருப்பிக் கேட்பார் உண்டோ?

“தவறு அவர்களுடையது; அவர்களல்லவா கவனமாக இருந்திருக்க வேண்டும்?” என்பது மற்றொரு வாதம். இதற்கும் பழைய வழக்கு ஒன்று விடை தருகிறது. தவணைப் பணம் செலுத்தப்படாமல் காலாவதியான ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தத்திற்கு, அதன் நிருவாகிகள் அதை மறந்து 200 பவுன் காப்பீட்டுத் தொகைக்காகப் பணம் கொடுத்துவிட்டனர். மறதியும் கவனக்குறைவும் அவர்களுடையனவே. எனினும், உண்மை மறந்து தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க அக்கவனக்குறைவு தடையாகாது என்று 1841-இல் இங்கிலாந்து நீதிமன்றம் உரைத்தது. பிறரது கவனக்குறைவு நமக்கு வருமானம் ஆகாது.

“நாங்கள் பட்ட அலைச்சலுக்கு இது ஈடு” என்பாரும் உண்டு. அலைச்சல் உண்மையாயின், அதற்கு உரிய ஈட்டை வெளிப்படையாகக் கேட்கலாம். தேவையானால் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். கேட்டுப் பெறுவது உரிமை. கேளாமல், சொல்லாமல், நாமே நீதிபதியாகித் தீர்ப்பெழுதி எடுத்துக்கொள்வது உரிமையாகாது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழவந்த பட்டினப்பாலை, அவர்கள் கொள்ளும்பொழுது உரியதற்கு மேல் கொள்ளமாட்டார்கள், கொடுக்கும்பொழுது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள் என்று போற்றுகிறது. விற்பவரிடம் இப்பண்பை எதிர்பார்க்கும் நாம், வாங்கும்பொழுது மட்டும் அதை மறக்கலாமா?

நம் மௌனத்தால் வாடுபவர்

இதுவரை நிறுவனத்தைப் பற்றியே பேசினோம். ஆனால் தொலைந்த பார்சல் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார். மூட்டைகளைப் பிரித்து அடுக்கும் தொழிலாளி, வண்டியோட்டி, வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக ஏறி இறங்கும் இளைஞர் ஆகிய இவர்களுள் ஒருவர்மீதுதான் “எங்கே போயிற்று?” என்னும் கேள்வி விழும். அவர் பொருளைக் கையாடியிருப்பாரோ என்னும் ஐயமும் எழக்கூடும். பார்சல் வந்து சேர்ந்துவிட்டது என்று நாம் சொல்லும் ஒரு சொல், அவரது நற்பெயரை மீட்டுத் தரும். சொல்லாமல் விட்டால், நாம் வைத்துக்கொள்வது மிக்ஸி ஒன்றை மட்டுமன்று. ஓர் ஏழையின் நற்பெயரையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறோம்.

இங்குத் தோபித்து நூல் நினைவுக்கு வருகிறது. பார்வையிழந்த தோபித்து, வீட்டில் ஆட்டுக்குட்டி கத்துவதைக் கேட்கிறார். நெசவு செய்து பிழைத்துவந்த மனைவி அன்னாவுக்கு, கூலியோடு அன்பளிப்பாகக் கிடைத்த குட்டி அது. தோபித்தோ அது திருட்டுப் பொருளாக இருக்குமோ என்று அஞ்சி, உரியவரிடம் திருப்பிக் கொடு என்று வற்புறுத்துகிறார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அன்னா மனம் நொந்து அவரைக் கடிந்துகொள்கிறார். பிறர் பொருள் தம் வீட்டில் தங்கலாகாது என்னும் தோபித்தின் அச்சம் உயர்ந்ததே. ஆனால் குற்றமற்ற உழைப்பாளியின்மீது ஐயங்கொண்டது எத்துணைக் கொடுமை! அந்நூல் நமக்கு இரண்டையும் கற்பிக்கிறது: பிறர் பொருளை வைத்துக்கொள்ளாதே, பிறர்மீது பொய்யான பழி நிற்கவும் விடாதே. பார்சல் வந்ததை அறிவிக்கும் நம் ஒரே செயலால் இரண்டு கடமைகளும் நிறைவேறுகின்றன.

செய்ய வேண்டியது என்ன?

கடமை பெரிதாகத் தோன்றினாலும் அதை நிறைவேற்றும் வழி எளிதே. தாமதமாக வந்த பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள். வந்த நாளையும் அதன்மேலுள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், மாற்றுப்பொருளையோ இழப்பீட்டையோ வழங்கியவர் யாரோ, அவருக்கு எழுத்துமூலம் அறிவியுங்கள். எந்தப் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். எடுத்துச்செல்லும் செலவை அவர்களே ஏற்க வேண்டுமென நீங்கள் கேட்பதில் தவறில்லை, தவறு உங்களுடையதன்றே!

பார்சலை அனுப்பியவர் ஒருவர், பெறுபவர் வேறொருவராக இருக்கலாம். வெளியூரில் பணியாற்றும் மகன் அனுப்பிய பார்சலுக்கு இழப்பீடு பெற்றவன் மகன். பார்சல் பின்னர் வந்து சேர்வதோ கிராமத்திலுள்ள தாயிடம். இருவருள் எவரிடமும் இரண்டும் இல்லை. ஆனால் குடும்பத்தில் இரண்டும் இருக்கின்றன. இத்தகைய நேரத்தில் தாய் மகனுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மகன் இழப்பீடு தந்தவர்க்குத் தெரிவிக்க வேண்டும்.

செய்தி கிடைத்தபின் “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று பதில் வருவதும் உண்டு. திருப்பி எடுக்கும் செலவு பொருளின் விலையைவிட மிகுதியாயின் நிறுவனங்கள் அவ்வாறு சொல்வது இயல்பே. அப்பொழுது அது உரியவரே மனமுவந்து தந்த கொடை, மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்ளலாம். அக்கடிதத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். பதிலே வராவிட்டால் மீண்டும் ஒருமுறை எழுதி, நியாயமான காலம்வரை பொருளைக் காத்து வையுங்கள். அதன் பின்னும் எவரும் கேட்கவில்லையெனில், தேவையிலிருக்கும் ஒரு குடும்பத்திற்கு அதை அளிப்பது நன்று. உரியவரைச் சேர இயலாத பொருள் ஏழைகளைச் சேரட்டும் என்பதே திருச்சபையின் நெடுநாளைய வழக்கம்.

வீட்டிலுள்ள முதியவர் ஒன்றும் அறியாமல் இரண்டாவது பெட்டியைப் பிரித்துப் பயன்படுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக மனம் கலங்கத் தேவையில்லை. அறியாமல் செய்ததில் பாவம் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த நாளிலிருந்து கடமை தொடங்குகிறது. முன்னெப்போதோ இவ்வாறு ஒன்றை வைத்துக்கொண்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் தம் பங்குத்தந்தையிடம் பேசி, தக்க முறையில் ஈடு செய்யலாம். சக்கேயு வாங்கியதைத் திருப்பித் தர முன்வந்த நாளில்தான் அவர் வீட்டிற்கு மீட்பு வந்தது என்பதை மறவாதிருப்போம்.

பெற்றோரே, ஏழாம் கட்டளையை நம் பிள்ளைகள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். அதன் பொருளையோ நம் வீட்டு நடையில்தான் கற்றுக்கொள்கிறார்கள். 6,000 ரூபாய்ப் பொருளுக்காக நாம் காக்கும் மௌனம், அகப்படாவிட்டால் தவறில்லை என்னும் பாடத்தை ஆயுள் முழுவதற்கும் அவர்கள் நெஞ்சில் எழுதிவிடும். அதே பொருளைப் பற்றி நாம் எழுதும் நான்கு வரிக் கடிதத்தை, முடிந்தால் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்வோம். அஞ்சலில் சேர்க்கவும் அவனையே அனுப்புவோம். நமக்குரியதில் நிறைவு காணும் நெஞ்சத்தையும், பிறருக்குரியதை மதிக்கும் நேர்மையையும் நம் இல்லங்களுக்கு ஆண்டவர் அருள்வாராக!